செய்கூலி, சேதாரம்

பெண் பார்க்கப் போன இடத்தில் "மாப்பிள்ளை காஸ்டிங்கில் இருக்கார்" என்று தரகர் சொல்ல, எந்த டைரக்டர் படம் என்று பெண்ணின் தம்பி கேட்டானாம். அந்தக் காஸ்டிங் இல்லை தம்பி என்றதும், பெண்ணின் மாமா அதை ஃபவுண்டரி என்று எண்ணிக்கொண்டு, உலைச்சூடு உடம்புக்கு ஆகுமா என்று விசாரித்திருக்கிறார். கல்யாணமாகி இருபது வருஷமாகியும் மாமனார் வீட்டில் யாருக்கும் அவர் வேலை விளங்கவில்லை. விலை போடுகிற வேலை. அம்பத்தூர் எஸ்டேட் பக்கம், வண்டிகளின் சர்வீஸ் உதிரிபாகங்களுக்கு.

எதைக் கையில் கொடுத்தாலும் முதலில் புரட்டிப் பார்ப்பார். அடுத்து உள்ளங்கையில் ஏற்றி இறக்கி எடை பார்ப்பார். சொந்தக் கல்யாணத்துக்குப் பரிசாக வந்த குத்துவிளக்குக்கும் அதே மரியாதைதான். "பித்தளை ஒன்றேகால் கிலோ, லேத்துக் கூலி, பாலிஷ்..." என்று முணுமுணுத்து முடிப்பதற்குள் போட்டோ எடுத்துவிட்டார்கள். ஆல்பம் முழுக்க மாப்பிள்ளைக்கு வாய் கோணல்.

வெண்டர் ஷெட்டுக்கு ஸ்டாப்வாட்ச்சோடு போவார். அவர் வருகிற நாள் ஆபரேட்டருக்கு முன்பே தெரிந்திருக்கும். தினமும் 35 செகண்டில் ஒரு பீஸ் கடைகிறவர், அன்றைக்கு மட்டும் சாமிக்கு அலங்காரம் செய்கிற பக்தியோடு 50 செகண்ட் எடுப்பார். நம்மவர் எதுவும் சொல்ல மாட்டார். டீ, போண்டா என்று திரும்பி உட்கார்ந்துகொண்டு, காதாலேயே மிஷினை எண்ணுவார். தட்டு காலியானதும், "37 போட்டுக்கறேங்க." அந்த இரண்டு செகண்ட் போண்டாவுக்கு.

'இத்துனூண்டு புஷ்ஷுக்கு இந்த விலையா?' என்று மட்டும் அவரிடம் யாரும் கேட்கக் கூடாது. மிஷின் மணிக்கு 600 ரூபாய், டூல் மாற்றி செட்டிங் பண்ண 2 மணி நேரம், ஆக 1,200. அந்த மாடல் வண்டி தயாராகிற காலத்தில் 20,000 பீஸ் அடித்தால் தலைக்கு 6 பைசா. மாடலே நின்றுபோய், பழைய வண்டிக்காரர்களுக்காக 50 பீஸ் மட்டும் போட்டால் 24 ரூபாய். இரும்பு விலைக்கே இன்னும் வரவில்லை! ஸ்டாக் தூங்குகிற கிடங்குக்கு வாடகை, ஒவ்வொன்றுக்கும் தனிக் கவர், அட்டைப்பெட்டி... கேட்டவர் அதற்குள் பஸ் ஏறியிருப்பார். 2025 செப்டம்பரில் உதிரிபாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 28-இலிருந்து 18 ஆனபோது எல்லோருக்கும் சந்தோஷம். இவர் மட்டும் புது எம்.ஆர்.பி. ஸ்டிக்கர் ஒட்டுகிற கூலியை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தூங்காமல் கிடந்தார்.

நகைக்கடைக்கு அவரை அழைத்துப் போனது யார் தப்போ தெரியாது.

"சேதாரம் 12 பர்சன்ட்ங்கறீங்க. சரி. அந்தத் தூளு எங்க?"

சேல்ஸ்மேன் சிரித்தார்.

"எங்க ஷாப்புல கடைசல் சுருளைக்கூட எடைபோட்டு பில்லுல கழிச்சிடுவோம். இது தங்கமாச்சே!"

கூல்ட்ரிங்க்ஸ் வந்தது. மேனேஜர் வந்தார். கடைசியில் முதலாளியே வந்து, குரலைத் தாழ்த்தி, "சார், நீங்க எந்தக் கடை?" என்றார். கூடப் போயிருந்த நான், சுவரில் தொங்கிய காலண்டரில் ராகு காலம் பார்க்கத் தொடங்கினேன்.

அன்று ராத்திரி பத்தரை மணிக்கு, எல்லோரும் சாப்பிட்டு மேடையைத் துடைத்த பிறகு, ஒரே ஒரு தோசை கிடைக்குமா என்றாராம். அவர் மனைவி ஃபிரிட்ஜ் பக்கமே திரும்பவில்லை.

"கல்லு காயணும், மாவை வெளிய எடுக்கணும், மறுபடி எல்லாத்தையும் கழுவணும். ஒரு பீஸுக்கெல்லாம் செட்டிங் கட்டுப்படியாகாதுங்க. எட்டு மணிக்கு லாட்டு ஓடிச்சே, அப்ப எங்க போனீங்க?"