அரைப்பேர்

ஏப்ரல் வந்தால் கொழும்பே நுவரெலியாவுக்கு ஏறிவிடும். நான் ஹட்டனுக்கு, அம்மாவைப் பார்க்கக் கிளம்பினேன். ஆபீஸ் நண்பர்கள் நாலு பேரும் தொற்றிக்கொண்டார்கள், தேயிலைத் தோட்டம் காட்டு என்று. எங்கள் லயத்து வரிசை வீடுகளைக் காட்டினால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அதனால் பழைய தொரை பங்களாவுக்குக் கூட்டிப்போனேன். இப்போது அது ஹோட்டல். காசு கட்டினால் சேலை உடுத்தி, கூடை மாட்டி, கொழுந்தெடுக்க விடுவார்கள். அம்மாவும் வந்தார். முப்பத்திரண்டு வருசம் காசு வாங்கிக்கொண்டு செய்த வேலையைக் காசு கொடுத்தும் செய்வார்களா என்று பார்க்க வேண்டுமாம்.

வழிகாட்டி பக்கத்து லயத்துப் பையன். "வாங்க பெரியம்மா" என்று காதோரம் சொல்லிவிட்டு ஆங்கிலத்துக்குத் தாவினான். ஜேம்ஸ் டெய்லர், லூல்கந்துர, 1867, 19 ஏக்கர் எல்லாம் ஒரே மூச்சில். ரெண்டு இலை, ஒரு அரும்பு என்று அம்மாவுக்கும் பாடம் எடுத்தான். அம்மா இப்போதுதான் கேள்விப்படுகிற மாதிரி தலையாட்டினார். பையன் பொழைப்பு அல்லவா.

தேத்தண்ணி வந்தது. பாலும் கிடையாது, சீனியும் கிடையாது. அப்போதுதான் ருசி தெரியுமாம். அம்மா இடுப்புப் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து, உள்ளங்கையில் சீனியைக் கொட்டி, ஒரு நக்கு, ஒரு மடக்கு. சுற்றுலா வந்திருந்த வெள்ளைக்காரர்கள் கேமராவைத் தூக்கினார்கள். "பாரம்பரியம்" என்றான் பையன், கண்ணே சிமிட்டாமல்.

பிறகு மலை. இடுப்பில் படங்குச் சாக்கு கட்டாமல் சேலையோடு இறங்கிய ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை முதலில் வரவேற்றது அட்டைதான். அரைமணி நேரம் கழித்து அவள் கூடையை அம்மா கையில் தூக்கிப் பார்த்தார். எங்கள் தோட்டத்தில் 18 கிலோ எடுத்தால்தான் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம். இதில் கால்கிலோ இருந்தால் அதிகம். பாதி முத்தல் இலை வேறு. "அரைப்பேர்கூட விழாது தாயி" என்றார். அவள் பாராட்டு என்று நினைத்து நன்றி சொன்னாள்.

அம்மாவின் கை சும்மா இருக்குமா? பேச்சுவாக்கில் பக்கத்து நிரையில் பாதியை எடுத்து முடித்துவிட்டது. அதைப் படம் பிடித்த ஒரு வெள்ளைக்காரர் கும்பிட்டு, ஆயிரம் ரூபாய் நோட்டு ஒன்றை நீட்டினார்.

அம்மா நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"2015லேருந்து நாள் சம்பளம் ஆயிரம் கேட்டோம். ரோட்டுல குந்துனோம், கொடி புடிச்சோம், பேச்சுவார்த்தைன்னாங்க. 2021லதான் குடுத்தாங்க. மொதல்லயே இந்தத் தொரைகிட்ட கேட்டிருக்கலாம்ல?"

நோட்டை முந்தியில் முடிந்துகொண்டு, அடுத்த வேன் வருகிறதா என்று ரோட்டை எட்டிப் பார்த்தார்.