கால் சொட்டு எண்ணெய், முக்கால் மாத உழைப்பு

கடிகாரத் தொழிலில் ஆயிலர் என்று வழங்குவதும் இக்கட்டுரையில் எண்ணெய்க்கோல் என்று குறிக்கப்படுவதுமான கருவி, ஒரு கைப்பிடியில் செருகிய மெல்லிய கம்பியேயன்றி வேறொன்றும் அன்று. கம்பியின் நுனி மட்டும், தோசைத் திருப்பியை நூறில் ஒரு பங்காகச் சுருக்கினாற்போல, தட்டையாக அடித்து விரிக்கப்பட்டிருக்கும். எண்ணெயில் தொட்டெடுத்தால் அந்தத் தட்டை நுனியில் ஒரு துளி ஒட்டிக்கொண்டு வரும்; கடிகாரத்தில் உரிய இடத்தைத் தொட்டவுடன் அத்துளி கோலை விட்டு இறங்கிவிடும். கண்ணுக்கு மை தீட்டும் அஞ்சனக்கோலை அறிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. இத்தனை எளிய பொருள், வீட்டில் பட்டறை வைத்திருக்கும் ஒருவரின் மூன்று வாரங்களை எவ்வாறு விழுங்குகிறது என்பதே இங்கு ஆராயப்படுவது. கட்டுரையாசிரியரும் அவ்வினத்தைச் சேர்ந்தவரே என்பதால், ஆய்வு நெறிப்படி அந்த நலன்முரண் தொடக்கத்திலேயே பதிவு செய்யப்படுகிறது.

கடிகாரத்தின் பற்சக்கரங்கள் இரண்டு பித்தளைத் தகடுகளுக்கு இடையே நிற்கின்றன. ஒவ்வொரு சக்கரத்தின் எஃகு அச்சும் இரு முனைகளிலும் மெலிந்து, பிவட் எனப்படும் சிறு தண்டாக மாறி, தகட்டில் உள்ள துளைக்குள் சுழல்கிறது. அத்துளையின் வெளிவாயைச் சுற்றிக் கிண்ணம்போலக் குடையப்பட்டிருக்கும் பள்ளத்திற்கு எண்ணெய்க் குழி என்று பெயர். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் குடியேறித் தொழில் செய்த ஆங்கிலேயர் ஹென்றி சல்லியின் பெயரோடு இணைத்து இக்குழி பேசப்படுகிறது. எண்ணெய் எப்போதும் குறுகலான இடுக்கை நோக்கியே நகரும் இயல்புடையது என்பதால், குழியில் இட்ட எண்ணெய் வெளியே பரவாமல், பிவட்டுக்கும் துளைச்சுவருக்கும் நடுவேயுள்ள நுண்ணிய இடைவெளியிலேயே ஒடுங்கிக் கிடக்கிறது. ஆனால் குழி பாதிக்குச் சற்று மேல் நிறையும் வரையில்தான் இந்த ஒழுக்கம் நீடிக்கும். விளிம்பு வரை நிரப்பிவிட்டால் எண்ணெய் தகட்டின் மேற்பரப்பைத் தொட்டு, அதன் வழியே கீழே வழிந்து, போகிற போக்கில் குழியில் இருந்ததையும் இழுத்துக்கொண்டு சென்றுவிடும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் பழமொழி இவ்விடத்தில் போதவில்லை. ஏனெனில் மிஞ்சிய எண்ணெய் நஞ்சாவதோடு நில்லாமல், இருந்த எண்ணெயையும் கூட்டிக்கொண்டு ஊரைவிட்டே போய்விடுகிறது. இரட்டிப்பாக எண்ணெயிட்ட கடிகாரமே முதலில் வறண்டுபோகிறது என்னும் முரணை, தலைக்கு எண்ணெய் வைத்துப் பழகிய கைகள் ஏற்றுக்கொள்ள நெடுநாள் ஆகும்.

சக்கரங்களின் பற்களுக்கோ எண்ணெயே கூடாது. பற்களில் எண்ணெய் பட்டால் காற்றிலுள்ள தூசி அதில் ஒட்டி அரைக்கும் பசையாக மாறும். அத்தூசி மென்மையான பித்தளைப் பல்லில் பதிந்துகொண்டு, அதனோடு பொருந்திச் சுழலும் வன்மையான எஃகுப் பல்லைச் சிறுகச் சிறுகத் தின்னும். ஆகவே எண்ணெய்க்கோல் என்பது எண்ணெயிடும் கருவி என்பதைவிட, எண்ணெயிடும் கையைத் தடுத்துப் பிடிக்கும் கடிவாளம் என்பதே பொருத்தம்.

தடுக்க வேண்டிய அளவு எவ்வளவு என்பதை ஒரு சிறு கணக்கால் காட்டலாம். சொட்டு மருந்துக் குழாயிலிருந்து விழும் ஒரு சொட்டு, 20 சொட்டுக்கு ஒரு மில்லிலிட்டர் என்னும் வழக்கக் கணக்கின்படி, 50 கன மில்லிமீட்டர் ஆகும். எண்ணெய்க்கோல் தாங்கிவரும் துளியை ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டையாகக் கொண்டால், அதன் கன அளவு அரை கன மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். அதாவது மருந்துச் சொட்டில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. எட்டு நாளுக்கு ஒருமுறை சாவி கொடுக்கும் மணியடிக்கும் கடிகாரம் ஒன்றில் எண்ணெய் வேண்டும் இடங்களைச் சுமார் இருபது என்றும், எண்ணெயிடுவது மூன்று ஆண்டுக்கு ஒருமுறை என்றும் வைத்துக்கொண்டால், 10 மில்லிலிட்டர் புட்டி ஒன்று அக்கடிகாரத்திற்கு ஏறத்தாழ 2,850 ஆண்டுகளுக்குப் போதும். சங்க காலத்தில் ஒருவர் வாங்கித் திறந்திருந்தால் இன்றும் அடியில் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். அப்புட்டியின் மேல் காலாவதித் தேதி அச்சிடப்பட்டிருப்பதைக் காணும்போதெல்லாம், வாங்கியவருக்குத் தாம் ஏதோ ஒரு நெடுங்கால ஒப்பந்தத்தில் ஏமாற்றப்பட்டுவிட்ட உணர்வு தோன்றுவது இயல்பே.

எண்ணெயின் வரலாறும் இதற்குக் குறையாத விசித்திரம் உடையது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துத் திமிங்கில வேட்டைத் துறைமுகமான நியூ பெட்ஃபோர்டிலிருந்து, கடற்பன்றி என்னும் கடல்வாழ் உயிரினத்தின் தாடையிலிருந்து எடுத்த எண்ணெய் கடிகாரங்களுக்காக விற்பனைக்குச் சென்றது. கடலில் துள்ளிக்கொண்டிருந்த ஒரு விலங்கு, வரவேற்பறையில் நேரம் பிந்தாமல் இருப்பதற்காகத் தாடையைக் கொடுத்தது என்றால், அக்காலத்துக் கடிகாரருக்கு எண்ணெய் எவ்வளவு பெரிய தலைவலியாக இருந்திருக்க வேண்டும் என்பது புலப்படும். இத்தலைவலியை அதற்கு முந்திய நூற்றாண்டிலேயே வேரோடு களைந்தவர் தச்சுத் தொழில் கற்ற ஜான் ஹாரிசன். லிங்கன்ஷயரில் பிராக்கிள்ஸ்பி பார்க் மாளிகையின் குதிரை லாயத்திற்காக 1722ஆம் ஆண்டளவில் அவர் செய்த கோபுரக் கடிகாரத்தில், தானே எண்ணெய்ப்பசை கசியும் லிக்னம் வைட்டே என்னும் வெப்பமண்டல மரத்தை உராயும் இடங்களில் பொருத்தினார். அதனால் அக்கடிகாரத்திற்கு எண்ணெயே தேவைப்படவில்லை. சிக்கலுக்கு இதைவிடத் தெளிவான தீர்வு இருக்க முடியாது. ஆயினும் அத்தீர்வில் எண்ணெய்க்கோல் செய்ய வாய்ப்பில்லை என்பதால், வீட்டுப் பட்டறையாளர்கள் அதைப் பெரிதும் மதித்து, பின்பற்றாமல் விட்டுவிட்டார்கள்.

வீட்டுப் பட்டறை என்னும் அமைப்பு இங்கிலாந்தின் தோட்டத்துக் கொட்டகைகளில் வேரூன்றியது. பெர்சிவல் மார்ஷல் 1898இல் தொடங்கிய 'மாடல் இன்ஜினியர்' இதழ், பகலில் வேறு வேலை பார்த்து இரவில் இரும்பைக் கடையும் மனிதர்களுக்கு நீராவி எஞ்சின் முதல் கடிகாரம் வரை செய்முறை கற்பித்தது. நாட்டிங்ஹாம் அருகே பீஸ்டனில் இயங்கிய மைஃபோர்டு நிறுவனம் 1946இல் வெளியிட்ட எம்எல்7 என்னும் லேத், அதாவது சுழலும் உலோகத்தில் கூரிய உளியை வைத்துச் சீவும் கடைசல் இயந்திரம், அக்கொட்டகைகளின் குலதெய்வமாயிற்று. ஒருவர் தனியாகத் தூக்க முடியாத அவ்வியந்திரத்தால் ஐந்து கிராம் எடையுள்ள கருவியைச் செய்வதில் ஓர் ஏற்றத்தாழ்வு இருப்பதை வெளியார் சுட்டிக்காட்டலாம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் முன்னோர் முகம் சுளித்ததும் இதைத்தான். ஆனால் பட்டறையாளருக்குச் சுமைகூலிதான் இன்பம். சுண்டைக்காய் ஒரு சாக்கு.

உண்மையில் எண்ணெய்க்கோலை ஐந்து நிமிடத்தில் செய்துவிடலாம். தையல் ஊசியின் கூர்முனையைப் புட்டித் தக்கையில் செருகினால், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காது தனக்குள் ஒரு துளி எண்ணெயை ஏந்திக்கொள்ளும். இம்முறை சிறப்பாக வேலை செய்கிறது. அது அனைவருக்கும் தெரியும். பட்டறையாளர்கள் இருவர் சந்திக்கும்போது இதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை. குடும்பத்தில் ஓடிப்போய்த் திருமணம் செய்துகொண்ட உறவினரைப் போல, அந்த ஊசி இருக்கிறது என்பது மட்டும் நினைவில் வைக்கப்படுகிறது. கடையில் கிடைப்பதும் விலை அதிகமில்லை. துளியின் அளவுக்கேற்ப வெவ்வேறு நிறக் கைப்பிடிகளோடு நான்கைந்து கோல்கள் ஒரு தொகுப்பாகவே வரும். வாங்கினால் உடனே எண்ணெயிட வேண்டி வரும் என்பது ஒன்றே அதன் குறை.

செய்முறை பின்வருமாறு அமைகிறது. ஆறு மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியை லேத்தில் பிடித்துக் கைப்பிடியாகக் கடைந்து, அதன் முகப்பின் நடுவில் அரை மில்லிமீட்டர் துளையை எட்டு மில்லிமீட்டர் ஆழத்திற்கு இட வேண்டும். அரை மில்லிமீட்டர் டிரில் பிட் என்பது தலைமுடியின் சித்தப்பா முறை ஆகும் ஒரு பொருள். ஏழாவது மில்லிமீட்டரில் அது முறிந்து துளைக்குள்ளேயே தங்கிவிடும். இத்தகைய தருணத்திற்கெனக் கடிகாரர்களிடம் ஓர் அரிய வைத்தியம் உண்டு. சவரக் கடையில் கன்னத்தில் தேய்க்கும் அதே படிகாரத்தை நீரில் கரைத்து, வெதுவெதுப்பாக வைத்து, அதில் கைப்பிடியை ஊறப்போட்டால், எஃகுத் துண்டு மெல்ல அரித்துக் கரைந்து, பித்தளை சேதமின்றி மிஞ்சும். பொறுமை இருந்தால் போதும். கட்டுரையாசிரியரின் சமையலறையில் ஒரு சிறு பாத்திரம் இரண்டு நாட்கள் இப்பணியில் ஈடுபடுத்தப்பட்டதையும், அதில் இருப்பது ரசம் அன்று என்று ஒரு சீட்டு ஒட்ட நேர்ந்ததையும் முறையாகப் பதிவு செய்தல் கடமையாகிறது.

அடுத்தது நுனி. பியானோவுக்குரிய 0.4 மில்லிமீட்டர் எஃகுக் கம்பி இதற்கு உகந்தது. கம்பியாக இழுக்கப்படும்போதே அது முறுக்கேறிவிடுவதால், அப்படியே சுத்தியலால் அடித்தால் வெடிக்கும். எனவே செந்நிறமாகக் காய்ச்சி ஆறவிட்டு, இளகிய பின்னரே அடைகல்லில் வைத்துத் தட்ட வேண்டும். தட்டை முகத்தை அரத்தால் வடிவாக்கி, எண்ணெய்க்கல்லில் தேய்த்து வழவழப்பாக்கியதும், தோய்ச்சல் என்று கொல்லர் கூறும் கட்டம் வருகிறது: மீண்டும் செந்நிறமாகக் காய்ச்சிச் சட்டென்று எண்ணெயில் முக்கினால் எஃகு கண்ணாடியைப்போல வன்மையும் நொறுங்கும் தன்மையும் பெறும், பிறகு மெதுவாகச் சூடேற்றினால், ஏறத்தாழ 230 பாகையில் வைக்கோல் நிறமும், 275 பாகையில் ஊதாவும், 295 பாகையில் நீலமும் மேற்பரப்பில் தோன்றும். நீலத்தில் நிறுத்தினால் எஃகு வில்போல் வளைந்து மீளும். நிறங்களின் இந்த ஊர்வலம் கட்டியான எஃகில் கம்பீரமாக நடக்கும், 0.4 மில்லிமீட்டர் கம்பியிலோ வைக்கோல், ஊதா, நீலம், சாம்பல் ஆகிய நான்கும் ஒரே கண்ணிமைப்பில் கடந்துபோகும். அதைத் தவிர்க்கத் தட்டில் பித்தளைத் தூளைப் பரப்பி, அதில் கம்பியைப் புதைத்து, அடியில் சாராய விளக்கை வைத்துச் சீராகச் சூடேற்றுவது மரபு. தூள் வேண்டுமென்றால் பித்தளையை அராவ வேண்டும். ஒரு மாலைப்பொழுது அதற்குப் போயிற்று.

இவ்விடத்தில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ளாமல் மேலே செல்வது அறிவு நேர்மை ஆகாது. எண்ணெய்க்கோலின் நுனி எதையும் வெட்டுவதில்லை, தாங்குவதில்லை, திருகுவதில்லை. எண்ணெயைத் தொடுகிறது, பித்தளையைத் தொடுகிறது, அவ்வளவே. அதற்குத் தோய்ச்சல் எந்த வகையிலும் தேவையில்லை. இளகிய நுனி கீழே விழுந்தால் வளையும், நகத்தால் நிமிர்த்திக்கொள்ளலாம். தோய்ச்சலிட்ட நுனி முறியும். பிறகு ஏன் தோய்ச்சலிடப்படுகிறது எனில், பட்டறையில் அதற்கான விளக்கு இருக்கிறது என்பதே முழுமையான விடை. பதினோரு நுனிகள் தோய்ச்சலிட்டு முறிந்தபின், பன்னிரண்டாவது நுனி இளகிய நிலையிலேயே கைப்பிடியில் ஈயப்பற்று வைத்து ஒட்டப்பட்டது. ஈயப்பற்று 190 பாகைக்குள் உருகிவிடுவதால் தோய்ச்சலின் பதம் அதனால் கெடாது என்று முன்பே கணக்கிட்டு வைத்திருந்த அருமையான குறிப்பு இதனால் பயனற்றுப் போனது மட்டுமே வருத்தம்.

கருவி முடிந்த பின்னர்தான் வேலை தொடங்கியது. கோவணத்தை எலியிடமிருந்து காக்கப் பூனை வளர்த்து, பூனைக்குப் பாலுக்காகப் பசு வாங்கி, பசுவைப் பார்த்துக்கொள்ள மணம் முடித்துக்கொண்ட சாமியாரின் கதை தமிழ்நாட்டில் துறவைப் பற்றிய எச்சரிக்கையாகச் சொல்லப்படுகிறது. அவர் உண்மையில் வீட்டுப் பட்டறையின் முதல் ஆசான் எனக் கொள்ள இடமுண்டு. உருண்டை வடிவக் கைப்பிடி மேசையில் உருண்டு விழுகிறது. எனவே அதற்கொரு தாங்கி. தாங்கி இருப்பதால் பக்கத்தில் எண்ணெய்க் கிண்ணம். திறந்த கிண்ணத்தில் தூசி விழுவதால் மூடி. மூடியைத் தூக்க ஒரு குமிழ். குமிழைப் பொருத்த மரை வெட்ட வேண்டும், அவ்வளவு நுண்ணிய மரை வெட்டும் டேப்பைப் பிடிக்கத் தனிப் பிடி இல்லாததால் அதையும் செய்ய வேண்டும். அப்பிடிக்கு ஒரு பெட்டி என்னும் கட்டத்தில், மரம் அறுக்கும் வாளைக் கூர்தீட்ட வேண்டியிருந்தது.

இவை யாவும் நடந்த மூன்று வாரமும் கடிகாரம் நின்றே இருந்தது. பழைய எண்ணெய் கறுத்துக் கெட்டியாகிவிட்ட குழிகளில் புதிய எண்ணெயை விடுவது அழுக்கைக் கரைத்துத் துளைக்குள் அனுப்புவதற்கு ஒப்பாகும் என்பதால், கடிகாரம் முழுதும் கழற்றிக் கழுவப்பட வேண்டும். கழற்றிப் பார்த்ததில் துளைகள் சில தேய்ந்து நீள்வட்டமாகிவிட்டிருந்தன. ஆகவே அக்கடிகாரம் தற்போது பதினான்கு தீப்பெட்டிகளில் வசிக்கிறது. எண்ணெய்க்கோலின் திறன் கண்ணாடித் தகட்டின்மேல் சோதிக்கப்பட்டு, வரிசையாக வைத்த நாற்பது துளிகளும் பூதக்கண்ணாடியின் கீழ் ஒரே அளவாகத் தெரிந்தன. பட்டறையாளர் அத்தகட்டைத் துடைக்காமல் மூன்று நாள் வைத்திருந்து வருவோருக்கெல்லாம் காட்டினார்.

உண்மையான எந்திரம் ஒன்றில் அக்கருவி முதன்முதலாகப் பயன்பட்டது அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை. பட்டறையின் கதவுக் கீல் இரண்டு ஆண்டுகளாகக் கிரீச்சிட்டுக்கொண்டிருந்தது. தாங்கியிலிருந்து கோலை எடுத்து, மூடியைக் குமிழால் தூக்கி, நுனியைத் தோய்த்து, கீலின் இடுக்கில் ஒரு துளி வைக்கப்பட்டது, கீல் கிரீச்சிட்டது. அறுபத்து மூன்றாவது துளிக்குப் பிறகும் கிரீச்சிட்டது. அன்று இரவே, நான்கு மில்லிமீட்டர் கம்பியும் இருபத்தைந்து மில்லிமீட்டர் பித்தளைக் கைப்பிடியும் கொண்ட பெரிய எண்ணெய்க்கோல் ஒன்றுக்கான வரைபடம் வரையப்பட்டு, அளவுகள் குறிக்கப்பட்டன. லேத்துக்குரிய எண்ணெய்க் கேன், கழுத்துவரை நிறைந்து, கதவுக்குப் பக்கத்து அலமாரியில் இருந்தது.