நாலு மணிக்கு மேல் ஜோலி

அன்புள்ள மச்சான்,

நலம், நலமறிய ஆவல். நீ நலம்தான் என்று தெரியும்; நேற்று ராத்திரி வீடியோவில் உன் மூக்குத் துவாரம் இரண்டையும் முழுசாகப் பார்த்தேன். போனை ஏன் எப்போதும் தாடைக்குக் கீழே பிடிக்கிறாய்? "மாலத்தீவுக்கு இங்கிலீஷ் வாத்தியாரா வரவா, வேண்டாமா? ஒரே வார்த்தைல சொல்லு" என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் நெட் போய்விட்டது. இந்தத் தீவில் நெட் போய் எனக்கு உபகாரம் ஆனது அந்த ஒரு தடவைதான்.

இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை. லீவுக்கு ஊர் போகும் நாகர்கோவில்காரர், எங்கள் கணக்கு சார், தன் பெட்டியில் இரண்டு கிலோ மாசிக்கு நடுவே செருகிக்கொண்டு வருகிறார். பிரிக்கும்போது வாசம் தூக்கினால் என்னைத் திட்டாதே.

மாசி என்றதும் வந்த புதிதில் நடந்தது ஞாபகம் வருகிறது. மீன் தோணி வருகிற நேரத்துக்கு ஜெட்டிப் பக்கம் போயிருந்தேன். தோணிக்கு இங்கேயும் அதே பேர்தான். மூணு சுழி மட்டும் கிடையாது, கிரிக்கெட் ஆட்டக்காரர் மாதிரி 'தோனி' என்பார்கள். புதுச் சட்டை, கூலிங் கிளாஸ், வகிடெடுத்துச் சீவிய தலை என்று நான் நிற்க, ஒருத்தர் என்னைப் பார்த்து "மாஸ், மாஸ்!" என்றார். பரவாயில்லையே, நம் பவிசு இங்கேயும் தெரிந்துவிட்டதே என்று சிரித்துக்கொண்டே கையைக் குலுக்கினேன். கையில் இரண்டு சூரையைத் திணித்துவிட்டுக் காசு கேட்டார். திவேஹி மொழியில் மாஸ் என்றால் மீன். அந்தச் சூரையை அவித்து, புகைபோட்டு, விறகுக்கட்டை மாதிரி காயவைத்தால் நம் அப்பத்தா உரலில் இடிப்பாளே, அந்த மாசி. பெயரும் இங்கிருந்துதான் கப்பலேறி வந்திருக்கும் என்பது என் கட்சி.

சரி, தூரத்தைச் சொல்கிறேன். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் மாலே. ராமேஸ்வரத்திலிருந்து சென்னைக்குப் போகிற ரயிலில் அந்த நேரத்துக்கு மானாமதுரையைத் தாண்டியிருக்க மாட்டாய். ஆனால் மாலேயில் இறங்கினவுடன் 'வந்துவிட்டேன்' என்று அத்தைக்கு போன் போட்டுவிடாதே. ஏறத்தாழ 1,200 தீவு இந்த நாட்டில். ஆட்கள் குடியிருப்பது 200-க்கும் குறைவு. அதில் உனக்கு எது என்று வேலை கொடுக்கிறவர்கள் சொல்வார்கள். எனக்கு விழுந்தது தெற்கே. உள்நாட்டு விமானம், பிறகு ஸ்பீட்போட். அந்த ஸ்பீட்போட்டில்தான் என் எம்.ஏ., பி.எட். எல்லாம் குடலோடு சேர்ந்து வெளியே வரப் பார்த்தன. கடற்கரையில் பிறந்தவனாச்சே என்று நீ கேட்கலாம். கடற்கரையில் பிறப்பது வேறு, கடலில் போவது வேறு. அது பாம்பன்காரர்களுக்குத் தெரியும். நம்மைப் போல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியாது.

என் தீவைச் சுற்றி நடக்க இருபத்தைந்து நிமிஷம் போதும். நம் பெரிய கண்மாய்க்குள் இதைத் தூக்கிப் போட்டால் தேடித்தான் எடுக்க வேண்டும். இரண்டு நாள் என்னமோ குறைகிறதே, என்னமோ குறைகிறதே என்று அலைந்தேன். மூன்றாம் நாள்தான் பிடிபட்டது: சீமைக்கருவேலம் இல்லை. மற்றபடி நம் ஊர்தான். அதே தென்னை, அதே வெயில், அதே உப்புத் தண்ணீர்க் கிணறு. தண்ணியில்லாக் காடு என்று நம் ராமநாதபுரம் ஜில்லாவுக்குத் தண்டனை மாற்றலில் அனுப்புவார்களே, அந்தக் காட்டிலிருந்து நான் தண்ணீருக்கு நடுவே வந்து உட்கார்ந்து, மழைநீர்த் தொட்டியில் எவ்வளவு மிச்சம் என்று தட்டிப் பார்க்கிறேன். குடத்தை வரிசையில் வைத்துவிட்டுச் சண்டை போடும் சுகம் மட்டும் இங்கே இல்லை.

இனி வாத்தியார் வேலை. இங்கே பள்ளிக்கூடத்தில் திவேஹியும் இஸ்லாமும் தவிர மற்றப் பாடமெல்லாம் இங்கிலீஷில்தான். பெரிய வகுப்புப் பிள்ளைகள் எழுதுவது கேம்பிரிட்ஜ் பரீட்சை. 1960-களில் மாலேயில் இங்கிலீஷ் வழிக்கு மாறியபோது இலங்கையிலிருந்து வாத்தியார்களைக் கூப்பிட்டார்கள். அந்தப் பாதையில்தான் இன்று நாமும் மலையாளிகளும் வந்து நிற்கிறோம்.

முதல் நாள் ஒன்றாம் வகுப்பு. புழுக்கம் தாங்கவில்லை. நம் நாக்குக்கு 'ஃ' வராது, ஃபேன் பேனாகிவிடும், மானம் போய்விடும் என்று பயந்து உதட்டைக் கடித்து அழுத்தமாக "ஃபென், ப்ளீஸ்" என்றேன். ஒரு வாண்டுப் பெண் ஓடிப்போய் தன் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து நீட்டியது. ஃபென் என்றால் இவர்களுக்குத் தண்ணீர். குடித்தேன். ஃபேனை நானே எழுந்து போட்டுக்கொண்டேன்.

அதைவிடப் பெரிய சோதனை நாலாம் வகுப்பில். பாடத்தில் ஓர் ஆறு மலையிலிருந்து இறங்கி வருகிறது. முன்பெஞ்சுப் பையன் கையைத் தூக்கி, "சார், வாட் இஸ் ரிவர்?" என்றான். நியாயமான கேள்வி. இந்த நாட்டில் ஆறும் கிடையாது, மலையும் கிடையாது. இயற்கையாக அமைந்த மிக உயரமான தரையே இரண்டரை மீட்டருக்குள்தான், நம் வீட்டு நிலைப்படியைவிடக் கொஞ்சம் உசரம். போர்டில் மலை வரைந்தேன். அதிலிருந்து நீலச் சாக்பீஸில் ஒரு கோடு இழுத்தேன். "இதில் தண்ணீர் ஒரே பக்கமாக ஓடும்" என்றேன். "எங்கிருந்து வரும்?" "மழையிலிருந்து." "மழை இல்லாவிட்டால்?"

மச்சான், அந்த இடத்தில் ஒரு தஞ்சாவூர்க்காரன் நின்றிருந்தால் ஏதாவது சமாளித்திருப்பான். நான் பார்த்த வைகை எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். அது கடலுக்குப் போகிற ஆறுகூட இல்லை, கண்மாய்க்குப் போகிற ஆறு. கண்மாய்க்கு வந்து சேர்ந்த வருஷங்களையும் அப்பா விரல்விட்டு எண்ணுவார். பொய் சொல்ல மனசு வரவில்லை. டஸ்டரை எடுத்து நீலக் கோட்டை அழித்தேன். "மழை இல்லாவிட்டால் வெறும் மணல் இருக்கும்" என்றேன். பையன் யோசித்துவிட்டுச் சொன்னான்: "சார், தட் இஸ் பீச்."

அடுத்த வாரம் ரயில் பாடம். அதிலே நம்மை அசைக்க முடியாது. கடல்மேல் ரயில் போகும், கப்பல் வந்தால் பாலம் வழிவிடும், 1914-லிருந்தே எங்கள் ஊரில் இதுதான் பழக்கம் என்றேன். பின்பெஞ்சில் சிரிப்பு. பாவம், வயசாகிவிட்டது என்கிற மாதிரி ஒருத்தி என்னைப் பார்த்தாள். போனை எடுத்து, 2025 ஏப்ரலில் திறந்தார்களே புதுப் பாம்பன் பாலம், அதன் 72 மீட்டர் நீளத் துண்டு அப்படியே லிஃப்ட் மாதிரி 17 மீட்டர் மேலே ஏறுகிற வீடியோவைப் போட்டேன். மூன்று தடவை பார்த்தார்கள். அன்றிலிருந்து எனக்குப் பெயர் 'ட்ரெயின் சார்'. பழைய பாலத்தில் பயணிகள் ரயிலை நிறுத்திய இரண்டு வருஷமும் நாம் மண்டபத்தில் இறங்கி பஸ்ஸுக்கு அடித்துப் பிடித்ததை நான் சொல்லவில்லை. சிலபஸில் இல்லை.

உனக்கு ஒரு பயம் இருக்கிறது என்று தங்கச்சி சொன்னாள்: நம் இங்கிலீஷ் அங்கே எடுபடுமா? கிழக்கே வியட்நாம், தாய்லாந்து, கொரியா என்று நீ விசாரித்த இடங்களிலெல்லாம் 120 மணி நேர கோர்ஸ் முடித்த சர்டிபிகேட் கேட்டார்கள், அதையும் காட்டினால் 'தாய்மொழி ஆங்கிலமா?' என்று பாஸ்போர்ட் நிறத்தைப் பார்த்தார்கள். அதில் அடிபட்டுப்போய்க் கேட்கிறாய். ஒன்று சொல்கிறேன். நீ படித்த பள்ளிக்கூடத்தின் பெயர் என்ன? ஷ்வார்ட்ஸ். 1785-ல் ராமநாதபுரத்தில் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் நடத்த ஏற்பாடு செய்த மனுஷன் எந்த ஊர்? பிரஷ்யா. ஜெர்மன்காரர். இங்கிலீஷ் அவருக்கும் நம்மைப் போல அயல் சரக்குதான். அவரிடம் யாரும் தாய்மொழி என்ன என்று கேட்டு விசாவை நிறுத்தவில்லை. அந்தப் பெயருள்ள பள்ளிக்கூடத்தில் அப்துல் கலாம் படித்தார், நீயும் படித்தாய்; இரண்டு பேரையும் ஒரே வரியில் எழுதியதற்கு அவர் மன்னிக்கட்டும்.

எடுபடும், மச்சான். ஆனால் இந்தப் பிள்ளைகளின் இங்கிலீஷ் யூடியூபிலிருந்து நேரே அமெரிக்காவில் இறங்கியது. நீ 'வாட்டர்' என்பாய், அவர்கள் 'வாடர்' என்று திருத்துவார்கள். அப்பன்மார் ரிசார்ட்டில் வேலை; ரஷ்யனும் இத்தாலியனும் சேர்த்து நாலு பாஷை பேசுவார்கள். அவர்களுக்கு முன்னால் இலக்கணத்தை மட்டும் விட்டுவிடாதே, நமக்கு இருக்கிற ஒரே வேலி அது.

சம்பளத்தை எல்லோரும் கேட்கிறார்கள். ஒரு ரூஃபியா நம் காசில் ஐந்து ரூபாய்க்கு மேல். முதல் மாசம் ஒவ்வொரு டீயையும் ஐந்தால் பெருக்கி, பாதி டம்ளரிலேயே தொண்டை அடைத்தது. பிறகு பெருக்கல் மறந்துபோகும், அப்போதுதான் சாப்பாடு இறங்கும். இதில் ஒரு கொக்கி: சம்பளம் ரூஃபியாவில், வீட்டுக்கு அனுப்ப வேண்டியது டாலரில், டாலருக்கு இங்கே தீராத பஞ்சம். வேலைக்குச் சேருமுன் அதைக் கேட்டு எழுதி வாங்கு. நான் கேட்கவில்லை. என்னை அனுப்பிய ஏஜெண்டு 'அதெல்லாம் அங்கே போனா பாத்துக்கலாம் தம்பி' என்றார். வந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். தண்ணீர்மேல் குடிசை போட்ட படத்தைக் காட்டி அத்தையை மயக்காதே. அதில் சில இடங்களில் ஒரு ராத்திரி வாடகை என் ஒரு மாசச் சம்பளத்துக்கு மேல்.

காய்கறி தூத்துக்குடியிலிருந்து வருகிறது, முட்டை நாமக்கல், வெங்காயமும் நம் நாடு. கட்டடம் கட்டுகிற ஆற்று மணல்கூட இந்தியாவிலிருந்து கப்பலில். (பையனுக்கு அதைக் காட்டி இதுதான் ரிவர் என்று சொல்லியிருக்கலாம், தோன்றவில்லை.) மாலேயிலிருந்து என் தீவுக்கு வந்து சேர்வதற்குள் கத்தரிக்காய்க்கு என் வயசாகிவிடும். காலையில் மாசுனி: மீனும் தேங்காய்ப்பூவும் வெங்காயமும் பிசைந்து, ரொட்டியோடு. நன்றாகவே இருக்கும், முதல் நாற்பது நாள். அத்தை உன் பெட்டியில் சாமி சிலை வைக்கப் பார்ப்பாள், வைக்கவிடாதே. வழிபாட்டுச் சிலை, மது, பன்றி இறைச்சி மூன்றையும் ஏர்போர்ட்டில் தடுத்துவிடுவார்கள். ராமநாதசுவாமியை நினைத்துக்கொண்டு வா, ஸ்கேனரில் அது தெரியாது.

யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. நாலு மணிக்கு மேல் என்ன செய்வாய்? இங்கே கடற்கரையில் இரும்புச் சட்டம் நட்டு, கயிற்று வலை பின்னித் தொங்கவிட்டிருப்பார்கள். அதற்குள் இடுப்பைச் செருகினால் வலையில் விழுந்த விளமீன் மாதிரி மடங்கிக் கிடக்கலாம். அதன் பெயர் 'ஜோலி'. சத்தியமாக. ஜோலி இல்லாதவன்தான் ஜோலியில் கிடக்கிறான். ஊர்ப் பெரியவர்கள் பாக்கை மென்றுகொண்டே "பராபரு?" என்பார்கள், எல்லாம் சரியா என்று. நானும் "பராபரு" என்பேன். அதோடு பேச்சு முடிந்தது. எனக்கு அவ்வளவுதான் தெரியும். சினிமா கிடையாது, பஸ் ஸ்டாண்டு டீக்கடை கிடையாது, கடன் கேட்டு வருகிற சொந்தக்காரன்கூடக் கிடையாது. வெள்ளி, சனி இரண்டு நாள் லீவு. நீ தூங்கி எழுந்த ஞாயிற்றுக்கிழமை நான் பாடம் நடத்திக்கொண்டிருப்பேன். இந்தத் தீவுகளுக்கு 1343-ல் இபன் பதூதா வந்தார். காஜி வேலை கொடுத்தார்கள், கல்யாணங்களும் செய்துவைத்தார்கள். அப்படியும் அடுத்த வருஷமே கிளம்பி இலங்கை வழியாக அப்போது மாபார் என்றழைத்த நம் கரைக்கு வந்து சேர்ந்துவிட்டார். நாலு மணிப் பிரச்சினையாகத்தான் இருக்கும்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். கோபப்படாதே. நீ அனுப்பின விண்ணப்பத்தைப் பார்த்தேன். கமா எல்லாம் சரியான இடத்தில் இருந்தது. அப்போதே தெரிந்துவிட்டது, அதை எழுதியது என் தங்கச்சி. அவளும் எம்.ஏ. இங்கிலீஷ், பி.எட். கல்யாணத்துக்குப் பிறகு அவள் இங்கிலீஷ் உங்கள் தெருப் பிள்ளைகளுக்குத் திண்ணையில் இலவசமாகப் போகிறது. இங்கே எங்கள் ஸ்டாஃப் ரூமில் பாதிக்கு மேல் பெண்கள்தான். திருநெல்வேலிக்காரர் ஒருவர் மனைவியின் வேலையில் வந்து, சமையலில் ஆரம்பித்து, இன்று பிரமாதமாக ரசம் வைக்கிறார். நாலு மணிக்கு மேல் அவளுக்குத் திருத்த நோட்டு இருக்கும், படிக்கப் புத்தகம் இருக்கும். உனக்கு ஜோலி இருக்கும். உன் உடம்பு வாகுக்கு அந்த வலை கச்சிதமாகப் பொருந்தும்.

ஆகையால் விண்ணப்பத்தில் பெயரை மட்டும் மாற்றி அவளைக் கையெழுத்துப் போடச் சொல். சர்டிபிகேட்டுகளுக்கு அட்டெஸ்டேஷன் வாங்க இரண்டு மாசம் இழுக்கும். அந்த அலைச்சல் உன்னுடையதாக இருக்கட்டும். அவள் என்ன சொன்னாள் என்று எழுது. வீடியோவில் சொல்லாதே, நீ பின்னாலிருந்து கண்ணைக் காட்டுவாய்.

கணக்கு சார் இருபது நாளில் திரும்புகிறார். அவரிடம் ஒரு கிலோ முண்டு மிளகாய், கமுதிப் பக்கத்துச் சரக்காகப் பார்த்து, கொடுத்துவிடு. இங்கத்து மிளகாய் உறைக்கிறது, ஆனால் மணமில்லை. கருப்பட்டியும் இரண்டு வட்டு. மாசியைத் தங்கச்சியிடம் கொடு. அத்தையிடம் கொடுத்தால் பரணில் போய்விடும்.

இப்படிக்கு,
உன் மச்சான்

பி.கு.: அவள் வருவதாக இருந்தால் டஸ்டர் இரண்டு கொண்டுவரச் சொல். ஆறு பாடம் மறுபடி வருகிறது.