நாலு விரல்கடை

ஆல்ஸ்டன், பாஸ்டன்
டிசம்பர், ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள மாமாவுக்கு,

போன வாரம் போனில் என் மெத்தைக் கதையை ஆரம்பித்தேன். "மெத்தை வழுக்குது மாமா" என்ற முதல் வாக்கியத்திலேயே நீங்கள் சிரிக்கத் தொடங்கி, சிரிப்பை அடக்க முடியாமல் போனை அத்தையிடம் கொடுத்தீர்கள். அத்தை "எங்கடா வழுக்கி விழுந்தே, நல்லெண்ணெய் தேய்ச்சியா" என்று கேட்டு, பக்கத்து வீட்டுக்காரருக்குக் கால் முறிந்த கதைக்குப் போய்விட்டார்கள். அதனால்தான் கடிதம். இதில் நீங்கள் நடுவில் சிரித்தாலும் நான் பாட்டுக்கு எழுதிக்கொண்டு போகலாம்.

போடிநாயக்கனூரில் இலவம்பஞ்சு மெத்தை தைத்தே மூன்று பிள்ளைகளைக் கரையேற்றிய கடை உங்களுடையது. அந்த வீட்டுப் பெண் வயிற்றில் பிறந்தவன் ஒரு மெத்தையிடம் மூன்று மாதமாகத் தோற்றுக்கொண்டிருக்கிறேன். உங்களுக்குச் சிரிப்பு வருவது நியாயம்தான்.

முதலில் சாமான் என்னவென்று சொல்லிவிடுகிறேன். இதற்கு ஃபூட்டான் என்று பெயர். பகலில் சோபா, ராத்திரியில் கட்டில். ரீப்பர் அடித்த இரண்டு மரச்சட்டங்கள், நடுவில் கீல் மாதிரி ஒரு மடிப்பு. ஒன்று உட்கார, ஒன்று சாய. அதன்மேல் ஒரே மெத்தை, 75 அங்குல நீளம், 54 அங்குல அகலம். அகலவாட்டில் அதைப் பாதியாக மடித்து 'ட' எழுத்துப்போல் உட்காரவைத்தால் சோபா. சட்டத்தை முன்னால் இழுத்துச் சாய்த்தால் படார் என்று விரிந்து கட்டில். என்னைப் போல ஒற்றை அறையில் இருப்பவன் வரவேற்பறையும் படுக்கையறையும் வைத்திருப்பதாகச் சொல்லிக்கொள்ள உதவுவது.

சட்டம் எனக்கு எப்படிக் கிடைத்தது என்பது தனிக் கதை. பாஸ்டனில் பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் ஆகஸ்ட் 31-ல் முடிந்து செப்டம்பர் 1-ல் தொடங்கும். அதனால் அந்த ஒரே நாளில் ஏராளமான மாணவர்கள் வீடு மாறுகிறார்கள். புது வீட்டில் கொள்ளாத நாற்காலி, மேஜை, புத்தக அலமாரி, விளக்கு எல்லாம் நடைபாதையில் குவிந்துவிடும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எங்கள் பேட்டைக்காரர்கள் இதற்கு 'ஆல்ஸ்டன் கிறிஸ்துமஸ்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஆற்றோரச் சாலையில் பாலங்கள் தாழ்வு, 'கார்கள் மட்டும்' என்று கொட்டை எழுத்தில் பலகை தொங்கும். வீடு மாறும் அவசரத்தில் அதைப் படிக்காமல் வாடகை லாரியை ஓட்டிப்போய் மேற்கூரையை மத்திச்சாளை டப்பா திறக்கிற மாதிரி உரித்துக்கொள்கிறவர்கள் வருஷா வருஷம் உண்டு. மொத்தத்தில் நம் ஊர்ப் போகி போலத்தான், பழைய சாமானை எரிப்பதில்லை, அவ்வளவுதான்.

அந்தக் குவியலில்தான் என் சட்டத்தைப் பார்த்தேன். நல்ல கெட்டி மரம், வழுவழுவென்று வார்னிஷ். (இந்த 'வழுவழு'வை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், வில்லன் அங்கேதான் ஒளிந்திருக்கிறான்.) ஒரு போல்ட் மட்டும் இல்லை. மெத்தையும் கூடவே கிடந்தது, ஆனால் தெருவில் கிடக்கும் மெத்தையைத் தொடாதே, மூட்டைப்பூச்சி கூடவே குடிவரும் என்று மாநகராட்சியே எச்சரிக்கிறது. ஆகவே சட்டத்தை மட்டும் தோளில் ஏற்றி, மூன்று மாடி மர வீட்டின் ஒடுக்கமான படிக்கட்டில் திரும்புமிடமெல்லாம் சுவரைச் சுரண்டிக்கொண்டு மேலே கொண்டுசேர்த்தேன். மெத்தை கடையில் புதிதாக வாங்கியது.

"உள்ளே என்ன பஞ்சு?" என்றுதானே கேட்பீர்கள். அது எனக்குத் தெரியும், பிரித்துப் பார்க்காமலே தெரியும். இங்கே மெத்தையின் ஓரத்தில் ஒரு வெள்ளைச் சீட்டு தைத்திருப்பார்கள். உள்ளே என்னென்ன சரக்கு, எத்தனை சதவீதம், எல்லாம் புதுச் சரக்குதானா என்பதெல்லாம் அதில் இருக்கும். வாங்கினவரைத் தவிர வேறு யார் இந்தச் சீட்டைக் கிழித்தாலும் சட்டப்படி தண்டனை என்றும் இருக்கும். நம் கடையில் வாடிக்கையாளர் ஓரத் தையலை இரண்டு விரலால் விலக்கி, பழைய பஞ்சு கலந்திருக்கிறதா என்று மோந்து பார்ப்பாரே, நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வீர்களே, அந்த வேலையை இங்கே சர்க்கார் எடுத்துக்கொண்டுவிட்டது. என் மெத்தையில் நடுவில் ஃபோம், மேலும் கீழும் பாலியஸ்டர் பஞ்சு, வெளியே மழமழவென்று ஒரு பாலியஸ்டர் உறை. இலவம்பஞ்சு மருந்துக்கும் இல்லை.

இனி என் வழக்கு. காலையில் மெத்தையை ஒழுங்காக மடித்து வைத்துவிட்டுப் போகிறேன். சாயங்காலம் வந்து உட்காருகிறேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் மெத்தை முன்னால் வந்து, விளிம்பைத் தாண்டி நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டிருக்கிறது. முதுகுக்குப் பின்னால் மெத்தை இறங்கி, ரீப்பர் கட்டை நடுமுதுகில் குத்துகிறது. எழுந்து, குனிந்து, முழங்காலால் ஒரு முட்டு முட்டி உள்ளே தள்ளிவிட்டு உட்கார்ந்தால் மறுபடி அதே.

சும்மா திட்டிக்கொண்டிருக்காமல், ஆராய்ச்சி படிக்க வந்தவன் என்ற மானத்துக்காகச் சட்டத்தின் விளிம்பில் சாக்பீஸால் கோடு போட்டுக் கணக்கெடுத்தேன். கால் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் ராத்திரிக்குள் இரண்டு விரல்கடை. சம்மணம் போட்டு உட்கார்ந்தால் நாலு விரல்கடை! ஒவ்வொரு தடவை கால் மாற்றும்போதும் மெத்தைக்கு ஒரு உந்து கிடைக்கிறது. இந்த ஊர்க்காரர்கள் சோபாவில் சம்மணம் போடுவது குறைவு. நானோ சோறு தின்பது, படிப்பது, உங்களோடு போன் பேசுவது எல்லாமே சம்மணத்தில்.

காரணம் யோசித்தபோது எளிதாகத்தான் தெரிந்தது. முதுகுப் பக்கம் நிற்கும் பாதி, தன் கனத்துக்குக் கீழே இறங்கப் பார்க்கிறது. இறங்கினால் எங்கே போகும்? உட்காரும் பாதியை முன்னால் தள்ளும். போதாததற்கு மடித்த ஃபோம் வில் மாதிரி விறைத்து, நிமிர்ந்துகொள்ளத் துடிக்கிறது. கீழே வார்னிஷ் மரம், மேலே வழுக்குத் துணி. போடிமெட்டு இறக்கத்தில் நியூட்ரலில் வண்டியை விட்ட கதைதான். நம் வீட்டுக் கயிற்றுக் கட்டிலில் உங்கள் மெத்தை ஒரு நாளும் நகர்ந்ததில்லையே, ஏன் என்று இப்போதுதான் புரிகிறது. கயிறு தொய்ந்து மெத்தையைத் தொட்டில் மாதிரி ஏந்திக்கொள்ளும். கோடு போட்ட பருத்தித் துணியும் கயிறும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அங்கே இலவம்பஞ்சே வழுக்கல் சரக்கு, நூற்கக்கூட வராது, ஆனாலும் மெத்தை அசையாது.

நடுவில் ஒரு அவமானம் நடந்தது, அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சின்னமனூர் அத்தையின் சம்பந்தி, மகனைப் பார்க்க அமெரிக்கா வந்தவர், ஒரு நாள் என் அறைக்கு வந்தார். சம்பந்தி என்றால் சும்மாவா? ஃபூட்டானில் உட்காரவைத்து, டிகாக்‌ஷன் இறக்கி, டம்ளர் நிறையக் காபி கொடுத்தேன். மனிதர் தேனி மாவட்டக்காரர், வேறு என்ன பேசுவார்? முல்லைப் பெரியாறு அணைதான். "136 அடியிலேயே நிறுத்தி வெச்சிருந்தாங்க தம்பி" என்றபோது அவர் முதுகு சாய்மானத்தில் ஒழுங்காக இருந்தது. "2014-ல சுப்ரீம் கோர்ட்டு 142 அடின்னு சொல்லுச்சு" என்றபோது அவர் இடுப்பு விளிம்புக்கு வந்திருந்தது. அணையில் நீர்மட்டம் ஏற ஏற அவர் இறங்கிக்கொண்டே இருந்தார். நான் மெத்தையைப் பார்ப்பதா, காபியைப் பார்ப்பதா, அவர் முகத்தைப் பார்ப்பதா? "மொத்தம் 152 அடி தேக்கணும்" என்று அவர் கையை உயர்த்தியதும் மெத்தை கடைசி முழத்தையும் விட்டுக்கொடுத்தது. மனிதர் மெத்தையோடு தரையில் உட்கார்ந்திருந்தார். ஒரு சொட்டுக் காபி சிந்தவில்லை மாமா, அதுதான் அனுபவம். "நம்மளுக்குத் தரைதான் தம்பி சௌகரியம்" என்று சொல்லிவிட்டு, பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

அன்று ராத்திரியே வைத்தியம் தொடங்கினேன். முதலில் இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப். இரண்டு நாள் தாங்கியது. மூன்றாம் நாள் டேப்பின் கோந்து மட்டும் ரீப்பரில் தங்கி, பலாப்பழம் உரித்த கை மாதிரி ஆகிவிட்டது. இன்றைக்கும் அங்கே தூசி சேருகிறது.

அடுத்து வெல்க்ரோ. செருப்பிலும் பையிலும் 'பர்ர்' என்று பிரிக்கிறோமே, அதுதான். நம் தோட்டத்தில் நாயுருவி வேட்டியில் ஒட்டிக்கொண்டு வருமே, அதே சமாச்சாரம். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஜார்ஜ் தெ மெஸ்த்ரால் என்பவர் 1941-ல் நாயோடு நடக்கப் போய், அதன் முடியில் ஒட்டிய முள்விதைகளை நுண்ணோக்கியில் பார்த்து இதைக் கண்டுபிடித்தார். நாம் அந்த விதைகளைப் பிடுங்கி எறிந்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டோம். அது கிடக்கட்டும். கொக்கிப் பட்டையை ரீப்பரில் ஸ்டேப்ளரால் அடித்தேன். கொக்கி பிடிக்க எதிரே சுணையுள்ள துணி வேண்டும். என் உறையோ மழமழ. கொக்கி மெத்தையைச் சட்டைசெய்யவே இல்லை. ஆனால் என் கைலியை மட்டும் உயிர்போகப் பிடித்துக்கொண்டது. கதவு தட்டுகிற சத்தம் கேட்டு அவசரமாக எழுந்தேன். நான் எழுந்தேன், கைலி எழவில்லை. மேற்கொண்டு எழுத வேண்டாம்.

ஆய்வுக்கூடத்தில் ஒரு ஜப்பான்காரர் இருக்கிறார். ஃபூட்டான் அவர்கள் ஊர்ச் சரக்கு என்பதால் யோசனை கேட்டேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சட்டமா? எதற்குச் சட்டம்?" என்றார். அவர்கள் ஊரில் மெல்லிய பஞ்சு மெத்தையைத் தத்தாமிப் பாயின்மேல் விரித்துப் படுத்து, காலையில் மடித்து அலமாரிக்குள் வைத்துவிடுவார்களாம். வெயில் நாளில் பால்கனிக் கம்பியில் காயப்போட்டு, பிரம்பு மட்டையால் தட்டுவார்களாம். நம் பாட்டி செய்ததேதான், மட்டைக்குப் பதில் விளக்குமாறு. "நின்றுகொண்டிருந்தால்தானே மெத்தைக்கு வழுக்கும்? நீங்கள்தானே அதை நிற்கவைத்தீர்கள்" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. உங்களிடம் கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பீர்கள், கூட இரண்டு கெட்ட வார்த்தையோடு.

கடைசியில் கை கொடுத்தது மலிவான ஒரு சமாச்சாரம். தரைவிரிப்பு நகராமல் அடியில் போடுகிற ரப்பர் வலை, ஓட்டை ஓட்டையாக, சல்லடை மாதிரி. சுருளாக விற்கிறார்கள். வெட்டி ரீப்பர்மேல் விரித்து, மேலே மெத்தையைப் போட்டால் அசையவில்லை! நான் சம்மணம் போட்டேன், காலை மாற்றினேன், சம்பந்தியைப் போல் கையை 152 அடிக்கு உயர்த்திக்கூடப் பார்த்தேன். சாக்பீஸ் கோடு வைத்த இடத்தில் இருந்தது.

சந்தோஷத்தில் அன்று ராத்திரி கட்டிலாக விரித்தேன். காலையில் மடக்கப் போனால் மடங்கவில்லை. இரண்டு சட்டத்திலும் வலை போட்டிருந்தேன். சட்டம் மடியும்போது மெத்தை கொஞ்சம் நகர்ந்து கொடுக்க வேண்டும். அதன் அடிப்பக்கம் அளவு மாறாது, உள்பக்கம்தான் கசங்கிச் சுருங்க வேண்டும். அசையவே விடாமல் பிடித்துவிட்டால் மடிப்பில் கர்ப்பிணி வயிறு மாதிரி உப்பிக்கொண்டு நிற்கிறது. அரை மணி நேரம் மல்லுக்கட்டினேன். கீழ்வீட்டுக்காரர் ஏறிவந்து, எல்லாம் நலமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

இப்போது கண்டுபிடித்திருக்கும் ஏற்பாடு இது: உட்காரும் சட்டத்தில் மட்டும் வலை. சாயும் சட்டத்தில் வலை கிடையாது, மெத்தை தன் இஷ்டத்துக்கு ஏறி இறங்கட்டும். ஆனால் ஒரேயடியாக இறங்கிவிடாமல், மேல் ஓரத்தில் இரண்டு மூலையிலும் நாடா தைத்து, ரீப்பரில் கொஞ்சம் தளர்வாகக் கட்டிவிட வேண்டும். நீங்கள் மெத்தையைச் சுருட்டிக் கட்ட ஒரு நாடாவைச் சேர்த்தே தைத்துக் கொடுப்பீர்களே, அதுதான். துணிக்கடையில் கேட்டுப் பார்த்தேன், பூப்போட்ட ரிப்பன் காட்டினார்கள். சாதாரண ஊசி இந்த உறையில் இறங்காமல் இரண்டு ஒடிந்துவிட்டன.

எனவே ஒரு உதவி. ஜனவரியில் கம்பத்துப் பையன் ஒருவன் இங்கே படிக்க வருகிறான். அவனிடம் ஒரு கோணி ஊசியும் நம் கடை நாடா நாலு முழமும் கொடுத்தனுப்புங்கள். ஊசியைக் கைப்பையில் வைக்கக் கூடாது, விமான நிலையத்தில் பிடுங்கிக்கொண்டாலும் கொள்வார்கள். பெரிய பெட்டியில், ஊறுகாய்க்கும் பருப்புப்பொடிக்கும் நடுவில் போகட்டும். முடிந்தால் தலையணை அளவுக்கு இலவம்பஞ்சும். அது கனமே இல்லாததால் அவனுக்குத் தெரியக்கூடத் தெரியாது.

அத்தைக்கு என் நமஸ்காரம். நான் விழவில்லை என்று சொல்லுங்கள். சம்பந்தி விழுந்ததைச் சொல்ல வேண்டாம், சின்னமனூர் வரை போய்விடும்.

இன்னொன்று. சட்டம் தெருவில் எடுத்தது என்பது அம்மாவுக்குத் தெரியாது. சோபா வாங்கினேன் என்றுதான் சொல்லியிருக்கிறேன். கேட்டால் நீங்களும் அப்படியே சொல்லிவிடுங்கள். மெத்தை நிஜமாகவே வாங்கினதுதான். சாட்சிக்குச் சீட்டு இருக்கிறது, இன்னும் கிழிக்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை