வேட்டிக் கறை சிவத்தல்: பெருந்துறை வட்டார அமில கார உறவுகள் குறித்து ஒரு முன்னோடி ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

பெருந்துறையில் வைகாசி முகூர்த்தம் ஒன்றின் மூன்றாம் பந்தியில் ஆய்வாளரின் வெள்ளை வேட்டியில் ஒரு சொட்டுச் சாம்பார் விழுந்தது. கறை மஞ்சளாக இருந்தது. சோப்பு போட்டதும் சிவந்தது. இது குறித்து முறையான ஆய்வு எதுவும் இதுவரை கிடைக்கவில்லை; ஆய்வாளர் தேடவும் இல்லை.

2. கலைச்சொல் விளக்கம்

வேட்டி: இடுப்பில் நிற்பது. சில பந்திகளில் நிற்காதது.

சொட்டு: சொட்டுவது.

மஞ்சள்: 1753இல் லின்னேயஸ் இதற்குக் குர்குமா லோங்கா என்று பெயரிட்டார். சேதி இங்கே வந்து சேராததால் மக்கள் மஞ்சள் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இது வேர் அன்று, மண்ணுக்குள் படுத்திருக்கும் தண்டு. பள்ளியில் 'வேர்' என்று எழுதி மதிப்பெண் இழந்தவர்கள் இதை மறப்பதில்லை. தாய்க் கிழங்கைக் 'கிழங்கு' என்றும், அதிலிருந்து பிரியும் கிளையை 'விரலி' என்றும் மண்டிக்காரர்கள் தனித்தனியாக விலை வைக்கிறார்கள். தாவரவியல் தேர்வில் அவர்களுக்கு முழு மதிப்பெண் தரலாம்.

மஞ்சள் ஒரு மும்மடியச் செடி, விதை பிடிக்காது. பழைய கிழங்கை நட்டே புதிய கிழங்கு எடுக்க வேண்டும். ஆய்வேடுகளும் பெரும்பாலும் இம்முறையிலேயே இனப்பெருக்கம் செய்கின்றன என்பது இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே உள்ளது.

3. முன்னோர் ஆய்வுகள்

மஞ்சளின் நிறப்பொருளை 1815இல் வோகலும் பெலெட்டியரும் பிரித்தெடுத்தார்கள். அதுதான் குர்குமின். அதன் வேதி அமைப்பு தெரிய 1910 ஆயிற்று. இடைப்பட்ட 95 ஆண்டுகளும் சாம்பார் தடையின்றி வைக்கப்பட்டது.

1995 மார்ச்சில், காயத்துக்கு மஞ்சள் போட்டால் ஆறும் என்பதைக் கண்டுபிடித்ததற்காக மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு அமெரிக்கா காப்புரிமை வழங்கியது. இந்தியாவின் அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சிக் குழு பழைய நூல்களிலிருந்து 32 சான்றுகளைத் திரட்டி வாதாடிய பிறகு, 1997இல் அது ரத்தானது. முழங்காலில் சிராய்ப்போடு வந்த பேரனுக்கு மஞ்சள் அப்பிய எந்தப் பாட்டியையும் சான்றாகக் கூப்பிட முடியவில்லை. வெளிநாட்டு அறிவு அச்சில் இருந்தால்தான் அப்போது அங்கே செல்லுபடியாயிற்று. பாட்டிகளுக்குப் பக்க எண் கிடையாது.

அக்குறையை இவ்வாய்வு போக்குகிறது.

4. கறைகளின் வகைப்பாடு

அ. டீக் கறை. விலக்கப்பட்டது.

ஆ. வெற்றிலைக் கறை. பெரியப்பாவினுடையது.

இ. பந்திக் கறை. இதைப் பரிமாறுபவரின் உறவுமுறைப்படி மேலும் பிரிக்க வேண்டியுள்ளது. பங்காளி பரிமாறினால் சொட்டு இலையின் ஓரத்தில் விழும். இது மரியாதைச் சொட்டு. சமையல்காரரின் ஆள் பரிமாறினால் எங்கும் விழாது. கரண்டி திரும்பும் முன் அவர் நான்கு இலை தாண்டியிருப்பார். மச்சான் வாளி தூக்கினால் சொட்டு நேராக மடிக்கு வரும். அது தற்செயலா, உள்நோக்கமா என்பதில் அறிஞரிடையே பிளவு உண்டு. தற்செயல் என்பார் மச்சான் (வாளியோடு நின்றபடி அளித்த வாக்குமூலம், சிரிப்பு நீக்கிய பதிப்பு). உள்நோக்கமே என்பார் பெரியப்பா ('மச்சான்களும் மடிகளும்', மூன்று தொகுதிகள், வாய்மொழி, இரண்டாம் தொகுதி பாயசம் வந்ததால் நின்றுபோனது, மூன்றாவது கை துடைத்த காகிதத்தில் எழுதப்பட்டு, இலையோடு சேர்த்து எடுத்தெறியப்பட்டது, சுண்டல் படிந்த ஒரு துண்டு மட்டும் ஆய்வாளரிடம் உள்ளது).

கறையில் தண்ணீர் விட்டுத் தேய்ப்பதால் பயனில்லை. குர்குமின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். தாளித்த எண்ணெயில் ஏறி வந்து பருத்தி நூலைப் பிடித்துக்கொள்கிறது. தண்ணீர் தெளித்த மச்சானின் உதவியும் இவ்வகையில் ஐயத்துக்குரியதே.

5. சோதனை

புளியின் டார்டாரிக் அமிலத்தோடு வந்ததால் கறை மஞ்சளாகவே வீடு சேர்ந்தது. துவைக்கிற கல்லில் விரித்துக் கட்டிச் சோப்பை இழுத்ததும், தேய்த்த இடம் மட்டும் செங்கல் நிறத்துக்கு மாறியது. எட்டிப் பார்த்த பெரியப்பா ரத்தம் என்று கருதி, மச்சானோடு கைகலப்பா என விசாரித்தார். சோப்பு காரம், குர்குமின் ஒரு நிறங்காட்டி. ஏழரையை ஒட்டிய பி.எச். வரை மஞ்சள், எட்டரையைத் தாண்டினால் சிவப்பு. எலுமிச்சம்பழத்தை அரிந்து தேய்த்ததும் மீண்டும் மஞ்சளானது. மறுபடி சோப்பு, மறுபடி சிவப்பு. நான்காவது முறை எலுமிச்சை பறிமுதல் செய்யப்பட்டது.

இதையே லிட்மஸ் தாளில் பார்ப்பதற்காகப் பள்ளி ஆய்வகத்தில் வரிசையில் நின்றிருக்கிறோம். தலைக்குக் கால் தாள் கிடைத்தது. காலையில் அதே முகூர்த்தத்தில், மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கலக்கி ஆரத்தித் தட்டைச் சிவக்க வைத்த இரண்டு அத்தைமாரோ அதை வேதிவினை என்று சொல்லிக்கொள்ளவில்லை. தட்டில் விழுந்த பத்து ரூபாயே அவர்கள் பெற்ற ஆய்வு நல்கை.

6. முடிவு

மேற்கண்ட ஐந்து இயல்களின் சாரம் முன்பே வெளியாகியுள்ளது: "சோப்புப் போட்டாச் செவக்கும், அலசுனா மஞ்சளாயிரும். வெய்யல்ல போடு கண்ணு, போயிரும்" (அமுச்சி, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி, துவைகல் உரை, இரண்டாம் வாளி, பக்கம் 1, இந்நூலில் ஒரே பக்கம்தான்).

குர்குமின் வெளிச்சம் பட்டால் சிதையும் என்பதால் மூன்றாம் கூற்றும் சரியே.

7. ஆய்வின் வரம்பு

முடிவுகளைச் சரிபார்க்க விரும்பும் மேற்பார்வையாளருக்கு ஒரு தகவல். மாதிரியின் அளவு ஒரு வேட்டி. ஆய்வாளர் இக்கட்டுரையை எழுதிக்கொண்டிருந்த வேளையில், அமுச்சி அதை எடுத்துப் போய் மொட்டை மாடிக் கொடியில் காயப் போட்டுவிட்டார். மூன்று வெயிலில் சான்று முழுவதும் மறைந்துவிட்டது. சோதனையைத் திரும்பச் செய்ய ஆடி கழிய வேண்டும். ஆவணியில் முகூர்த்தம் இருக்கிறது, மச்சானுக்குச் சொல்லியாயிற்று.