வேலை முதலில், விமானம் பிறகு

கேள்வி: பெங்களூரில் ஐ.டி. வேலை. கல்யாணமாகிவிட்டது. வாய்ப்பு அட்டையில் ஜெர்மனி போய் அங்கே வேலை தேடட்டுமா, இங்கிருந்தே தேடி ப்ளூ கார்டில் போகட்டுமா?

பதில்: ப்ளூ கார்டுதான். 2024 ஜூனில் வந்த வாய்ப்பு அட்டை, வேலை தேட ஓராண்டுதான் தரும். அதுவரை வாரம் 20 மணி நேர வேலையும் உங்கள் சேமிப்பும்தான் துணை. பெண் பார்க்கும் முன்பே மண்டபம் பிடிக்காதீர்கள்! ப்ளூ கார்டில் போனால் மனைவிக்கு ஜெர்மன் தேர்வு கிடையாது. போனதுமே அவரும் வேலை பார்க்கலாம். (சம்பளத்தை மட்டும் பார்ப்பவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை.) அடிப்படை ஜெர்மன் தெரிந்தால் 27 மாதத்தில் நிரந்தரக் குடியிருப்பு கேட்கலாம், பி1 அளவு தெரிந்தால் 21 மாதத்திலேயே. இந்திராநகர் மாக்ஸ் முல்லர் பவனில் வகுப்பு இருக்கிறது. இரண்டு பேருமே சேருங்கள்.