தலைவர் வாய் திறக்காத முக்கால் மணி நேரம்

ஜொகூரில் எந்தத் தாமானுக்குப் போனாலும் ஒரு 'தலைவர்' இருப்பார். மசாயாக இருக்கட்டும், ஸ்கூடாயாக இருக்கட்டும், ஆள் ஒரே வார்ப்புதான். யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தது கிடையாது. கோயிலில் பார்த்தால் அவர் பொருளாளர், அதுவும் போன வருஷம் வரைக்கும். ஆனாலும் திருவிழாவுக்குக் கொட்டகை எந்தப் பக்கம் போடுவது என்று எல்லாரும் அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அவரும் ஏமாற்ற மாட்டார்.

பிழைப்பு சிங்கப்பூரில். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து மோட்டார் சைக்கிளை எடுத்தால்தான் ஏழு மணி வேலைக்கு ஆள் ஆஜர். 1924இல் திறந்த ஜொகூர் பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். தலைவரின் குணநலன்கள் முழுக்க அந்த ஒரு கிலோமீட்டரில் உருவானவை. எந்த வரிசை நகரும், எந்தக் கவுண்டர்காரர் அடுத்து எழுந்து தண்ணி குடிக்கப் போவார், மழை வருவதற்குள் தாண்டிவிடலாமா, இதெல்லாம் அவருக்குப் பின்னங்கழுத்திலேயே தெரியும்.

பள்ளி விடுமுறை நெருங்கினால் புலனக் குழுவில் அறிவிப்பு வந்துவிடும். இந்த முறை பலாவான், பிலிப்பைன்ஸ். மலைக்கு அடியில் ஓடும் ஆறு. 1999இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் ஏறியது, 2012இல் இயற்கையின் புதிய ஏழு அதிசயங்களில் ஒன்றென்று அறிவிக்கப்பட்டது. இவ்வளவையும் ஒரே குரல்பதிவில் சொல்லி, கடைசியில் "முன்பணம் வெள்ளிக்கிழமைக்குள்ள போட்டுடுங்க" என்று முடிப்பார். குழுவில் யாராவது ஒருவர், "அண்ணே, தீவுதான்னா நம்ம மெர்சிங் பக்கத்துலயே ராவா இருக்கு, திங்கி இருக்கு" என்று இழுப்பார். தலைவரிடம் பதில் தயாராக இருக்கும். "அங்க தண்ணி தீவைச் சுத்தி இருக்கு தம்பி. இங்க தண்ணி மலைக்குள்ள இருக்கு." தம்பி அன்றே முன்பணம் கட்டிவிடுவார்.

பெட்டிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றில் துணி. மற்றதில் சின்ன ரைஸ் குக்கர், மேகி கறி, நெத்திலிச் சம்பல், எலுமிச்சை ஊறுகாய், யாருக்காவது வயிற்றைக் கலக்கினால் ஓமத் தண்ணி. மணிலா விமான நிலையத்தில் அந்தப் பெட்டியைத் திறக்கச் சொன்ன அதிகாரி, ஊறுகாய் பாட்டிலைக் கொஞ்ச நேரம் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பி வைத்துவிட்டார்.

பலாவானுக்கும் ஜொகூருக்கும் கடிகாரம் ஒன்றுதான், ஒரு நிமிஷ வித்தியாசம் கிடையாது. சூரியனுக்கு அது தெரியாது. கிழக்கே தள்ளி இருப்பதால் நம்மைவிட ஒரு மணி நேரம் முன்னதாக அங்கே வெளிச்சம் வந்துவிடும். நாலு மணிக்கு எழுந்தே பழகிய மனிதருக்கு இது போதாதா? "விடிஞ்சிருச்சு, இன்னும் பசியாறலையா?" என்று கதவு கதவாகத் தட்டிக்கொண்டு வருவார். விடுமுறைக்கு வந்தவர்கள் தலையணையை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார்கள்.

புவெர்த்தோ பிரின்செசா நகரிலிருந்து சபாங் கரைக்கு இரண்டு மணி நேரம் வேனில் போக வேண்டும். அனுமதிச் சீட்டு முன்கூட்டியே எடுத்தாக வேண்டும், ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கட்டுப்பாடு. துறைமுகத்தில் படகுக்கு வரிசை. அதைப் பார்த்ததும் தலைவர் முகத்தில் ஓர் ஒளி வந்தது பாருங்கள், கண்ணாடிக் கோயில் கோபுரத்தில்கூட அப்படி ஒளி பார்த்ததில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"ஆறு மொத்தம் எத்தனை கிலோமீட்டர்?" என்று வழிகாட்டிப் பையனைக் கேட்டார். 8.2 என்றான் அவன். "நம்ம பாலம் மாதிரி எட்டு பாலம். உள்ள ஜாம் இருக்குமா?" பையன் சிரித்தான். தலைவர் சிரிக்கவில்லை, கேள்வியை நிஜமாகவே கேட்டிருந்தார். சுற்றுலாப் பயணிகள் போவது சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர்தான், அதற்கு மேலே போகத் தனி அனுமதி வேண்டும் என்றதும், "மிச்சம் ஆறே முக்காலுக்கும் சேர்த்துத்தானே காசு வாங்கினீங்க?" என்றார்.

இரண்டு பக்கமும் மூங்கில் கட்டிய படகில் கொஞ்ச நேரம் கடலில் போய், மணலில் இறங்கி, காட்டுக்குள் நடந்தால் குகை வாய் வருகிறது. வழியில் குரங்குகள். பையை மூடி வையுங்கள் என்று எழுதிப் போட்டிருந்ததை எங்களுக்கு உரக்கப் படித்துக் காட்டிக்கொண்டிருந்த தலைவரின் கையிலிருந்துதான் முறுக்குப் பொட்டலம் போனது.

குகை வாயில் நின்று அவர் கொடுத்த விளக்கத்தைக் குறை சொல்ல முடியாது. சுண்ணாம்புக்கல் மலை, மழைத் தண்ணி கோடிக்கணக்கான வருஷமாகக் கல்லைக் கரைத்திருக்கிறது, கபாயுகன் என்ற ஆறு உள்ளே புகுந்து நேராகக் கடலில் வந்து விழுகிறது, கடல் ஏறும்போது உப்புத் தண்ணி உள்ளே ஏறி வருகிறது. முக்கால்வாசி சரி. அதுதான் அவரிடம் உள்ள ஆபத்து. மிச்சக் கால்வாசியையும் நாம் நம்பி ஊருக்கு வந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிடுவோம்.

அப்புறம்தான் அந்தக் கொடுமை நடந்தது. தலைக்கவசம், மிதவைச் சட்டை கொடுத்த கையோடு ஆளுக்கொரு காதுக்கருவி கொடுத்தார்கள். விளக்கம் எல்லாம் இதிலேயே வரும், வௌவால்களும் உழவாரக் குருவிகளும் இருப்பதால் உள்ளே யாரும் பேசக்கூடாது, மேலே பார்க்கும்போது வாயை மூடிக்கொள்ளுங்கள், எது விழும் என்று சொல்ல முடியாது. தலைவர் எங்களைப் பார்த்தார். நாங்கள் தண்ணியைப் பார்த்தோம்.

படகு இருட்டுக்குள் நுழைந்தது. குளிர்ச்சி, வௌவால் எச்சத்தின் காரமான நெடி, தலைக்கு மேலே டிக் டிக் என்று குருவிகள் இருட்டில் வழி பார்க்கும் சத்தம். படகோட்டி பின்னால் உட்கார்ந்து துடுப்புப் போட்டபடி விளக்கை அங்கங்கே திருப்புவார். பாறைத் தொங்கல் ஒன்றைக் காட்டியதும், இது திருக்குடும்பம், இது காளான் என்று காதில் ஒரு குரல் சொல்லும். அந்த ஊர்க்காரர்களுக்கு அங்கே மாதாவும் குழந்தை ஏசுவும் தெரிகிறார்கள், நியாயம்தானே. தலைவருக்குப் பிள்ளையார் தெரிந்துவிட்டார்.

பிள்ளையாரைப் பார்த்துவிட்டுப் பதினாறு பேரிடம் சொல்லாமல் இருப்பதென்றால் சாமானியமா? தோளைத் தட்டினார். தலைக்கவசத்தில் சொட்டுச் சொட்டென்று எதுவோ விழுந்துகொண்டிருந்ததால் யாரும் திரும்பவில்லை. வாயைத் திறந்தார். மேலே பார்த்தார். மூடிக்கொண்டார். கடைசியில் வலது கையை மூக்குக்கு முன்னால் நீட்டி, நுனியை வளைத்து, தும்பிக்கை காட்டினார். பின்னாலிருந்து வந்த வெளிச்சத்தில் அந்தக் கை குகைச் சுவரில் முப்பதடி நீளத்துக்கு விழுந்து அசைந்தது. எதிரே வந்த படகில் ஓர் அம்மாள் அவசரமாகக் கைப்பேசியைத் தூக்கினார். காதுக் குரல் அப்போது, குகைப் பாறையில் கிடைத்த 2 கோடி ஆண்டுப் பழைய கடற்பசுவின் எலும்புகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டும் சேர்ந்து அந்த அம்மாள் மனத்தில் என்ன பதிந்ததோ.

முக்கால் மணி நேரம். வெளியே வந்து கருவியைத் திருப்பிக் கொடுக்கும்போது தலைவர் வீட்டம்மா முகம் கல்யாணப் பெண் மாதிரி இருந்தது. குகை, இருட்டு, வௌவால் எதுவும் ஆகாது என்று கோலாலம்பூர் விமானத்திலிருந்தே புலம்பிக்கொண்டு வந்தவர். "எப்படிக்கா இருந்துச்சு?" என்றேன். "இன்னொரு தடவை போறதுக்குச் சீட்டு கிடைக்குமா கேளேன்" என்றார்.

தலைவர் அதைக் கேட்கும் நிலையில் இல்லை. மணலில் நின்று, உள்ளே அடக்கி வைத்ததையெல்லாம் ஆரம்பத்திலிருந்து எடுத்துவிட்டிருந்தார். பிள்ளையார், அவருக்கு இடது பக்கம் மூஞ்சுறு, கொஞ்சம் தள்ளி லிங்கம். நம்ம நாட்டு முலுவும் 2000இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதுதான், அங்கே தெளிநீர்க் குகை 200 கிலோமீட்டருக்கு மேலே அளந்திருக்கிறார்கள், அடுத்த வருஷம் அங்கேதான், சரவாக்கில் நம்மவர்களுக்கே குடிநுழைவுச் சோதனை உண்டு, ஆகவே கடப்பிதழை இப்போதே புதுப்பித்துவிடுங்கள். பாதி மலாய், பாதி ஆங்கிலம், ஊடே தமிழ். நாங்கள் பழகியவர்கள், குரங்கு முறுக்குத் தின்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தோம்.

சபாங் கரையில் சாப்பாட்டுக்கு முன் தலை எண்ணினார். பதினெட்டு. மறுபடி எண்ணினார், பதினெட்டுதான். விசாரித்தால், எங்கோ கொரியாவிலிருந்து வந்த ஒரு வயதான தம்பதி. குகை வாயில் அவர் பேசியதைப் பார்த்து அரசாங்க வழிகாட்டி என்று நினைத்து, தங்கள் குழுவை விட்டுவிட்டுப் பின்னாலேயே வந்துவிட்டிருக்கிறார்கள்.

"இருக்கட்டும், உக்காரச் சொல்லு" என்றார் தலைவர், பெட்டியிலிருந்து ஊறுகாயை எடுத்தபடி. "முலுவுக்கு வர்றாங்களான்னும் கேளு."